மூன்று சொட்டு

"அதுல கை வைக்காதீங்க."

மாமியாரின் தலைமாட்டில் குனிந்து சுவரோரத்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கப் போன லிஃப்ட்காரன் அப்படியே நின்றான். ஒரு கை பிளக்கில், ஒரு கை மூக்கில். மனைவி சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. குரலை மட்டும் அனுப்பியிருந்தாள்.

"மூச்சு விட முடியலடி. கொஞ்ச நேரம் நிறுத்திட்டு..."

"அம்மா இங்கேருந்து கிளம்புற வரைக்கும் அது நிக்கக் கூடாது. அவங்க கேட்டது அது ஒண்ணுதான்."

பதிலுக்கு அவனுக்குத் தும்மல்தான் வந்தது. கூடத்து ஜன்னல் கண்ணாடி அதிர்கிற மாதிரியான தும்மல். கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்த மாமியாரின் முகத்தில், அந்தத் தும்மலுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை.

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அந்தக் குடியிருப்பில் அவனுக்கு வேறு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது. மாமியாரும் கோபம் வந்தால் மகளிடம் அப்படித்தான் சொல்வார். "உன் லிஃப்ட்காரர்கிட்ட சொல்லி வை, மெஷினை நான் நிறுத்தப்போறதில்லைன்னு." கோபம் இல்லாத நாளில் மாப்பிள்ளை என்பார். மாப்பிள்ளையாக இருந்த நாட்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் வந்தன.

வசந்தம் வந்துவிட்டால் வீடு போர்க்களம். குளிர் விட்ட முதல் நாள் மாமியார் ஜன்னல்களையெல்லாம் ஆவென்று திறந்து வைப்பார். "குளிர் பூரா மூடிக் கிடந்த வீடு, டிரங்குப் பெட்டி மாதிரி நாறுது." பிறகு மெஷின் வெளியே வரும். சின்னக் குடத்தைக் கவிழ்த்து வைத்தது போல வெள்ளை பிளாஸ்டிக், உச்சியில் ஒரு ஓட்டை. கடையில் அதற்கு டிஃப்யூசர் என்று பெயர். தண்ணீர் ஊற்றி, ஒரு நீலப் பாட்டிலிலிருந்து மூன்று சொட்டு லாவண்டர் எண்ணெய் விட்டு, சுவிட்சைத் தட்டினால் வெள்ளையாக ஆவி கிளம்பும். ஆவி கிளம்பிய மறு நிமிடம் மாப்பிள்ளைக்கு மூக்கு அடைக்கும், கண் சிவக்கும், தும்மல் வரிசை கட்டும். மெஷின் வந்த முதல் வசந்தத்தில் அவன் கோபித்துக்கொண்டு மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறையில் போய்ப் படுத்தான். மோட்டார் இரைச்சலில் தூக்கம் வராமல் தானே திரும்பி வந்தான். கதவைத் திறந்துவிட்ட மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமை இருக்கிறதே, அது இன்னும் அவன் காதில் கேட்கிறது.

மெஷினின் மேல் அவருக்கு இருந்த பிரியத்துக்குக் காரணம் உண்டு. முப்பது வருஷம் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை. ஐஸ், ரப்பர் பூட்ஸ், கையுறை, எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போய்விடும் வாடை. "பஸ்ல எனக்குப் பக்கத்து சீட்டு எப்பவும் காலிதான். ராணி மாதிரி வருவேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதம் அவர் தனக்காக வாங்கிய முதல் பொருள் இந்த மெஷின். போன மாதம் மகளிடம் சொல்லியிருந்தார்: "நான் போற அன்னிக்கு நாலு பேர் கிட்ட வந்து குனிஞ்சு பாப்பாங்க. என் மேல மீன் வாடை வரக் கூடாது. மெஷின் ஓடணும்."

இன்று காலை மெஷினில் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் விட்டு, சுவிட்சைத் தட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் டீயோடு வந்து கூப்பிட்டபோது பதில் இல்லை. டாக்டர் வந்து பார்த்து, தலையை ஆட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வண்டி மதியத்துக்கு மேல்தான் வரும் என்றார்கள்.

மெஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது மாமியாரின் அண்ணன். செத்தவரைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்த்தது மாப்பிள்ளையை. சிவந்து வீங்கிய கண்கள், ஒழுகும் மூக்கு, கையில் பிழிந்தால் தண்ணீர் வரும் கைக்குட்டை.

"மாப்ள..." என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். "பெத்த புள்ளகூட இப்படி அழாது மாப்ள."

"இல்ல மாமா, இது வந்து..."

"மறைக்காதீங்க. ஆம்பளை அழுதா என்ன?"

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தான். அவள் சோபாவில் கையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை. காலையிலிருந்தே அப்படித்தான். அழ வேண்டியவள் அழவில்லை. அழாதவனுக்குப் பாராட்டு விழா நடந்துகொண்டிருந்தது.

பெரியவர் ஆழமாக மூச்சை இழுத்தார். "என்ன ஒரு வாசம்! பஸ்ல வந்த தலைவலி பறந்து போச்சு."

"லாவண்டர் மாமா. அம்மா கைப்பக்குவம்" என்றாள் மகள்.

பிறகு தொழிற்சாலைத் தோழி வந்தாள். மாமியாருக்குப் பக்கத்து மேசையில் நின்று வேலை பார்த்தவள். கட்டிலருகே குனிந்து, தோழியின் கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். 

"நம்ம ஆளுதானான்னு சந்தேகமா இருக்குடி" என்றாள் பிணத்திடம். "நாத்தமே இல்ல. பெரிய இடத்துப் பொம்பளை மாதிரி கிடக்குற."

மனைவி எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள். அந்த நேரம் பார்த்து மெஷின் "கிய்ங்" என்றது. ஆவி நின்றது. அடியில் சிவப்பு விளக்கு மின்னியது.

"தண்ணி தீந்துடுச்சு" என்றாள் மனைவி. அவள் குரல் நடுங்கியதை அவன் அன்று முதல் முறையாகக் கேட்டான். "ரொப்புங்க. சீக்கிரம். இன்னும் வண்டி வரல."

"நானா?"

"வேற யாரு? எனக்குக் கை ஓடல. அம்மா போடற மாதிரி மூணு சொட்டு."

மருமகன் விதியை நொந்தபடி சமையலறைக்குப் போனான். எதிரியின் பீரங்கிக்கு மருந்து இடிக்கப் போகிறவனின் நடை. தண்ணீர் பிடித்து வந்து மெஷினில் ஊற்றினான். அலமாரியிலிருந்து நீலப் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. தட்டினான், உதறினான். மூக்கில் வைத்துப் பார்த்தான். அடைத்த மூக்குக்கு லாவண்டரும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே மருந்துக்கடைக்கு ஓடினான்.

மருந்துக்கடைக்கார அம்மா மாமியாரின் சிநேகிதி. சாயங்காலமானால் இருவரும் கடை வாசலில் ஸ்டூல் போட்டு ஊர்க்கதை பேசுவார்கள். இன்று கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "கடையைப் பூட்டிட்டு வரத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நல்ல மனுஷி" என்றார்.

"இந்த எண்ணெய் ஒண்ணு உடனே வேணும்மா. தீந்துபோச்சு. அங்க மெஷின் நின்னுடுச்சு."

அவர் பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"இதுல எண்ணெய் இல்லாம ரெண்டு வசந்தம் ஆச்சே."

"என்னது?"

"அவங்க எங்கிட்ட வாங்கினது இந்த ஒரே பாட்டில்தான். நீங்க கோவிச்சுக்கிட்டு மாடியில போய்ப் படுத்தீங்களாமே, அதுக்கு அடுத்த நாளோட எண்ணெய் போடறதை விட்டுட்டாங்க. பாட்டில்ல பச்சைத் தண்ணிதான்."

"தினம் மெஷின் ஓடுதே! மூணு சொட்டு விடறதை என் கண்ணால பாத்தேனே!"

"தண்ணியில தண்ணி விட்டாங்க." அந்த அம்மாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "மெஷினை நிறுத்தச் சொல்லிப் பாத்தேன். 'நிறுத்தினா அவரு ஜெயிச்சதா ஆயிடும்'னாங்க."

லிஃப்ட்காரன் கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டான். மேலே போக பட்டனை அழுத்தினால் கீழே போகும் லிஃப்டை அவன் பார்த்திருக்கிறான். அதற்குக் காரணம் கண்டுபிடித்துவிடலாம்.

"அப்ப நான் ஏன் தும்முறேன்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'தண்ணிக்கே தும்முறாருடி, வேணும்னே தும்முறாரு'ன்னாங்க." அவர் கடைக்கு வெளியே கையைக் காட்டினார். குடியிருப்பு வாசலில் நின்ற பெரிய மரம் முழுக்கப் பூத்திருந்தது. கீழே நின்ற கார்களின் மேல் மஞ்சள் மாவு சலித்துக் கொட்டியது போல் கிடந்தது. "உங்க கூடத்து ஜன்னல் அதுக்கு நேர் எதிர. வசந்தம் வந்தா அந்தப் பூத்தூள் ஒத்துக்காம பாதிப் பேரு எங்கிட்ட மாத்திரை வாங்கறாங்க. நீங்க மட்டும்தான் மாமியாரைக் குத்தம் சொன்னீங்க."

"அவ்வளவு ஆசையா வாங்கினது. தண்ணின்னு தெரிஞ்சும் நான் தும்முறதைப் பாத்தாங்களே, திரும்ப எண்ணெய் விட்டிருக்கலாமே!"

"அதையும் சொன்னேன். 'ஒருவேளை இன்னும் ஜாஸ்தியாயிட்டா? பெரிய மூக்கு, பாவம்'னாங்க."

 அவன் கைக்குட்டையை எடுத்துப் பார்த்தான். அதில் காய்ந்த இடமே இல்லை.

மருந்துக்கடைக்கார அம்மா ஒரு புதுப் பாட்டிலையும் ஒரு மாத்திரை அட்டையையும் மேசை மேல் வைத்தார். "எண்ணெய் அவங்களுக்கு. மாத்திரை உங்களுக்கு. இப்பவே ஒண்ணு போட்டுக்குங்க, கண்ணு ரத்தமா இருக்கு."

"இன்னிக்கு வேணாம்" என்று இரண்டையும் வாங்கி, பழைய பாட்டிலோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியேறினான். அவன் பராமரிக்கும் லிஃப்ட் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, புதுப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தான். மூன்று சொட்டு விட்டான். கொஞ்சம் யோசித்து இன்னும் மூன்று. பிறகு மாமியாரின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, கணக்கை மறந்து சாய்த்தான். சுவிட்சைத் தட்டினான். ஆவி கிளம்பிக் கட்டிலின் மேல் வளைந்து பரவியது. இரண்டு வசந்தமாக அவர் விட்ட தண்ணீருக்கும் சேர்த்துக் கடன் தீர்ப்பது போல மெஷின் மும்முரமாக ஊதியது.

பெரியவர் இருமினார். தோழி முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"என்ன போட்டீங்க?" என்றாள் மனைவி.

"லாவண்டர்."

"அம்மா போடறது இப்படி இருக்காது. இது கடை வாசனை. அம்மாது மெலிசா, வர்றதே தெரியாம வரும்."

"கை மாறினா அப்படித்தான்" என்றான். "நான் புதுசுதானே."

வண்டிக்காரர்கள் வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் படுக்கைவசமாக நுழையாது, நிமிர்த்திக் கொண்டுபோகலாமா என்று ஒருவன் கேட்டான்.

"நிமிர்த்தவே கூடாது" என்றான் லிஃப்ட்காரன். லிஃப்டின் பின்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு, திறந்தால் ஸ்ட்ரெச்சரின் நீளத்துக்கு இடம் கிடைக்கும். இதற்கென்றே வைத்தது, சாவி அவனிடம்தான் இருக்கும். திறந்துவிட்டான். ஸ்ட்ரெச்சர் நேராக, முழுசாக உள்ளே போனது. உயிரோடு இருந்தவரை மாமியார் "இது உங்க லிஃப்ட்காரர் பாத்த லிஃப்டா?" என்று கேட்டு, ஆமென்றால் படியில் போய்விடுவார். இன்று கேட்கவில்லை. அவன் ஒரு கையால் கதவைப் பிடித்து, குலுங்காமல் இறக்கினான். வண்டிக்காரன் "யாரு, டாக்டரம்மாவா? பெரிய ஆஸ்பத்திரியில வேலை பாத்தவங்க மாதிரி நல்ல வாசமா இருக்காங்களே" என்று கேட்டான்.

"இல்ல. மீன் கம்பெனி" என்றாள் மகள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. மாப்பிள்ளை அவளைப் பிடித்துக்கொண்டான். பெரியவர் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, உறவுகள் கிளம்பிப் போய், இருவரும் வீடு திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. கூடத்தில் கட்டில் வெறுமையாக இருந்தது. சுவரோரத்தில் மெஷின் சிவப்பு விளக்கை மின்னிக்கொண்டு காலியாக நின்றது.

மனைவி சோபாவில் போய்ச் சாய்ந்தாள். "ஒரு தடவை போடுங்களேன்" என்றாள். "அம்மா மாதிரி. நிறைய ஊத்தாதீங்க."

அவன் மெஷினைச் சமையலறைக்குக் கொண்டுபோய், எண்ணெய் போக அலசி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தான். சட்டைப் பையில் கை விட்டான். புதுப் பாட்டிலும் பழைய பாட்டிலும் இருந்தன. பழையதை எடுத்தான். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்து, மாமியார் செய்வது போலவே சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு, காலிப் பாட்டிலை மூன்று தடவை சாய்த்தான். சுவிட்சைத் தட்டினான்.

ஆவி மெல்லக் கிளம்பியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

"இதான்" என்றாள். "இதான் அம்மா போடறது."

"ஆமா" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

திறந்த ஜன்னலின் விளிம்பில் மஞ்சள் தூள் படிந்திருந்தது. காற்று அடித்தபோது அதில் கொஞ்சம் உள்ளே வந்தது. அவன் தும்மினான்.

"ஒத்துக்கலன்னா நிறுத்திடுங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "இனிமே உங்களை யாரு என்ன சொல்லப்போறா?"

அவன் சட்டைப் பையில் கை வைத்தான். மாத்திரை அட்டை பிரிக்காமல் இருந்தது.

"இருக்கட்டும்" என்றான். "ஓடட்டும்."