நெற்றியை மழிக்கும் நாள்

அழக் கூடாது. என்ன ஆனாலும் இன்றைக்கு அழக் கூடாது. கண்ணீர் இறங்கினால் உப்பு எரியும், எரிந்தால் கை தானாகக் கன்னத்துக்குப் போகும், கை பட்ட இடத்தில் தோல் சுருண்டுகொண்டு வரும். அப்புறம் நாளைக்கு ஊரே கூடி அந்த இடத்தைத்தான் பார்க்கும்.

அம்மாவின் மடியில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்த பலுபிக்கு மனதில் வேறெதுவும் ஓடவில்லை. திருமணத்துக்கு முந்தின நாள், மணப்பெண்ணைக் குளிப்பாட்டும் முன், பெற்றோரிடம் மன்னிப்பும் ஆசியும் கேட்கும் நேரம் அது. அவர்கள் ஊரான க்ளாத்தென் பக்கத்தில் எந்தப் பெண்ணும் இந்த இடத்தில் உடைந்துவிடுவாள். ஒலிபெருக்கியில் சடங்கைச் சொல்லி நடத்தியவர் அதற்காகவே குரலை நடுங்கவிட்டார். அப்பா அழுதார். அம்மா விம்மினாள். நாற்காலிகளில் இருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பலுபி மட்டும் வாயால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு அம்மாவின் சேலையில் இருந்த பழுப்புப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லு மாதிரி குனிஞ்சிருக்கா பாரு," என்றாள் ரஹாயு பெரியம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்க மருமக அழுத அழுகையில ரெண்டு துண்டு நனைஞ்சு போச்சு."

"அவங்க உங்க வீட்டுக்கு வரணுமேன்னு அழுதிருப்பாங்க பெரியம்மா," என்றாள் பலுபி, தலையை நிமிர்த்தாமல்.

மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியம்மாவும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் பலுபியின் தாடையை அவள் ஒருமுறை உற்றுப் பார்த்தது பலுபிக்குத் தெரியும். பார்க்காமலே தெரியும். அப்படி ஒரு புலன் முகப்பருவோடு வளர்பவர்களுக்கு முளைத்துவிடுகிறது.

ரோஜாவும் மல்லிகையும் மிதந்த தண்ணீரை ஒவ்வொருவராக அள்ளி ஊற்றினார்கள். அரிசியும் மஞ்சளும் அரைத்த பொடியைத் தோளிலும் கையிலும் தேய்த்தார்கள். ஒரு கை முகத்துக்கு வந்தபோது பலுபி அதை மெல்லப் பிடித்துக் கழுத்துக்குத் திருப்பிவிட்டாள். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. இதுவரைக்கும் சரி. இனி நெற்றிதான்.

குளியல் முடிந்ததும் மணப்பெண்ணை அறைக்குள் உட்காரவைத்து, நெற்றியோரத்துப் பூனைமுடியைச் சவரக்கத்தியால் மழிப்பார்கள். மறுநாள் அந்த வழுவழுப்பான இடத்தில் கருப்பு மையால் இதழ் இதழாக வரைவார்கள். கத்தி பட்டால்தான் பெண்ணின் முகத்துக்குள் இருக்கும் ஒளி வெளியே வரும் என்பது நம்பிக்கை. அதற்காகவே அம்மா சொன்னபடி பலுபி மூன்று நாள் வெறும் வெள்ளைச் சோறும் தண்ணீருமாக விரதம் இருந்தாள். விரதத்துக்கு அவள் முகம் சுளிக்கவில்லை. கத்தி மட்டும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

சொல்லியிருந்தாள் என்றுதான் நினைத்திருந்தாள். உண்மையில் அவள் சொன்னது, "கத்தி இப்போதைக்கு வேண்டாமோன்னு தோணுதும்மா," என்றுதான். அம்மா, "ம்," என்றாள். அந்த வீட்டில் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. சாப்பிட்டாயா, கல்யாணம் ஆயிற்றா, கடன் தர முடியுமா, எதைக் கேட்டாலும் 'இன்னும் இல்லை' என்பார்கள், 'பார்க்கலாம்' என்பார்கள். கேட்டவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். மகள் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அம்மா புரிந்துகொண்டாள். அம்மா ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று மகள் புரிந்துகொண்டாள். கத்தி படுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னதாகவே முகத்தில் பூசும் பரு மருந்தை நிறுத்திவிடச் சொல்லியிருந்தார் தோல் டாக்டர். கத்திதான் படப்போவதில்லையே என்று பலுபி நிறுத்தவில்லை.

நிறுத்த வேண்டாம் என்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதமும் இருந்தது.

பலுபி மூக்குக் கண்ணாடி விற்கும் கடையில் வேலை செய்தாள். புதுக் கண்ணாடியை மாட்டியதும் வாடிக்கையாளருக்கு முதலில் தெளிவாகத் தெரிவது எதிரே நிற்கும் அவள் முகம்தான். மங்கலாக இருந்தவரை நன்றாகச் சிரித்துப் பேசியவர்களின் கண், அவள் தாடையில் ஒரு கணம் நின்று, பிறகு மரியாதையாகச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டைக்கு நகர்ந்துவிடும். ஒரு நாளில் எத்தனை முறை என்று அவள் எண்ணுவதை விட்டிருந்தாள்.

கல்லூரி நாட்களில் பெரியம்மா சந்தையிலிருந்து பெயர் எதுவும் ஒட்டாத ஒரு டப்பி வாங்கித் தந்தாள். அதைப் பூசிய சில நாட்களிலேயே முகம் உரித்த முட்டை போல ஆனது. தெருவில் எல்லோரும் என்ன பூசுகிறாய் என்று கேட்டார்கள். டப்பி தீர்ந்து அடுத்தது வர ஒரு வாரம் தாமதமானதும் முகம் முழுக்கப் பொங்கியது. அன்று தொடங்கியவைதான் இந்தப் பருக்கள். தோலுக்கு அடியில், தொட்டால் வலிக்கும் கட்டிகளாக.

தோல் மருத்துவரிடம் போனது தன் சம்பளம் வந்த பிறகுதான். இரவில் பூச ஒரு கிரீம், காலையில் பூச ஒரு ஜெல். "முதல்ல இன்னும் மோசமாகும். விட்டுட்டு ஓடறவங்க எல்லாம் அப்பதான் ஓடுவாங்க," என்று அந்த டாக்டர் சிரிக்காமல் சொன்னார். பட்டாணியளவு போதும் என்றும் சொன்னார். பலுபிக்குப் பொறுமை இல்லை. பவுடர் கிரீம் போல வாரிப் பூசினாள். விடிந்தபோது மிளகாய் அரைத்த கையால் முகம் கழுவியது போல் இருந்தது. உதட்டோரம் வெடித்தது. சோற்றோடு மிளகாய்ச் சம்பல் தொட்டால் உயிர் போனது. அவள் சம்பலை ஒதுக்கி வைப்பதைப் பார்த்து அம்மா, "என் கைப்பக்குவம் பிடிக்காம போச்சா?" என்று இரண்டு நாள் பேசவில்லை.

காலை ஜெல் துணியின் சாயத்தைத் தின்றது. அது தெரியாமல் கொடியில் கிடந்த அப்பாவின் கருநீலக் கைலியில் முகத்தைத் துடைத்துவிட்டாள். அதில் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. அப்பா அதையே கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். "என்ன, வானத்தையே சுத்திக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாரே தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. கைலியையும் தூக்கிப் போடவில்லை.

டாக்டர் சொன்னபடியே மோசமானது. நெற்றியிலும் கிளம்பியது. "காசு குடுத்து புண்ணு வாங்கிட்டு வந்திருக்கா," என்றாள் பெரியம்மா. அம்மா கண் கலங்கியதால் பலுபி மருந்தை நிறுத்தினாள். மறுபடி தொடங்கியபோது காந்தலும் உரிதலும் முதலிலிருந்து தொடங்கின. அது ஒருவழியாக அடங்கி வரும்போது நிச்சயதார்த்தம் வந்தது. "சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி பாம்பு சட்டை உரிக்கற மாதிரி நிக்கப் போறியா?" என்று அம்மா கேட்டாள். மறுபடியும் நிறுத்தினாள். உரிதல் நின்றது, பருக்கள் வந்தன. புகைப்படக்காரர் தன் பங்குக்கு அவள் முகத்தை இழைத்து இழைத்துப் பீங்கான் ஆக்கிக் கொடுத்தார்.

மாப்பிள்ளை டனாங் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். கடையில் கண்ணாடி வாங்க வந்து, அவள் முகத்தைத் தெளிவாகப் பார்த்த பிறகும் எழுத்து அட்டைக்குக் கண்ணைத் திருப்பாதவன் அவன். "பொண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றான். "எனக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு எங்க?"

அவள் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு ஒன்றை முடிவு செய்துகொண்டாள். இரண்டு முறை நிறுத்தியதும் அடுத்தவர் கண்ணுக்காக. மூன்றாவது முறை கிடையாது. குறைவாகப் பூசினாள். முதலில் ஈரக் கிரீம், அதன்மேல் மருந்து. வெயிலில் முக்காடு. உரிந்தால் உரியட்டும். எரிந்தால் எரியட்டும். ஒரே ஒரு தவறு நடந்தது. தோழியின் கல்யாணத்துக்காக அழகு நிலையத்தில் புருவத்துக்கு மெழுகு பூசி இழுத்தபோது முடியோடு தோலும் வந்துவிட்டது. மருந்து பூசும் தோல் அவ்வளவு மெலிந்திருக்கும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. அந்தப் பழுப்புத் தழும்பு ஒரு மழைக்காலம் முழுவதும் இருந்தது. இடப்புருவத்துக்கு மேல் இன்னமும் நிழலாக நின்றது.

பிறகு ஒரு நாள் கடையில் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு கண்ணாடியின் வளைவில் தன் முகத்தைப் பார்த்தாள். நிறம் வெளுத்துவிடவில்லை. தாடையில் குழிகள் இருந்தன, கன்னத்தில் பழைய கறைகள் இருந்தன. ஆனால் வலிக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. மேலே எதுவும் மூடியிருக்கவில்லை. ஓ, இதுதானா என்று நினைத்தாள். வெகுநாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் குடியேறுவது போல, அன்றிலிருந்து அந்த முகத்தில் வாழத் தொடங்கினாள்.

அறையில் சாம்பிராணி புகைந்தது. அலங்காரம் செய்யும் முர்சியம்மா வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டுத் தட்டிலிருந்து கத்தியை எடுத்து விரித்தாள். அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா வாசலில் சாய்ந்து நின்றாள்.

"உங்க அம்மா நெத்திய மழிச்சது எங்க அம்மாதான்," என்றாள் முர்சியம்மா. "மறுநாள் உங்க அப்பா மணையில உக்காந்துகிட்டு, பொண்ணு எங்கன்னு பக்கத்துல இருந்தவரைக் கேட்டாராம். அப்படி மாறிட்டாங்க. நாளைக்கு உன்னையும் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியக் கூடாது. கண்ணை மூடிக்க, கண்ணு."

பலுபி கண்ணை மூடவில்லை. "முர்சியம்மா, கத்தி வேண்டாம். மை மட்டும் வரைஞ்சிடுங்க."

"எல்லாப் பொண்ணுங்களும் பயப்படறதுதான். எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

"பயம் இல்ல." ஈரமுடியை ஒதுக்கிப் புருவத்தின் மேல் இருந்த நிழலைக் காட்டினாள். "இது மெழுகு போட்டு இழுத்த இடம். தோலோட வந்துருச்சு. அதே மருந்தை இன்னும் பூசறேன்."

"நேத்துமா?" என்றாள் முர்சியம்மா.

"நேத்தும்தான்."

"ஐயையோ," என்றாள் பெரியம்மா. "மாப்பிள்ளைய விட்டுட்டு மருந்தையே கட்டிக்கப் போறா போல."

"மருந்து குறட்டை விடாது பெரியம்மா."

முர்சியம்மா சிரிக்கவில்லை. கட்டைவிரலால் அவள் நெற்றியை லேசாகத் தடவிப் பார்த்தாள். "தோல் மெலிசாத்தான் இருக்கு. ஆனா முடி மேல மை நிக்காது பொண்ணு. ஓரம் பிசிறடிக்கும். வர்றவங்க என் கையைத்தான் குத்தம் சொல்வாங்க."

"பொண்ணுதான் கேட்டான்னு சொல்லிடுங்க. நானும் சொல்றேன்."

"நீ வேண்டாமோன்னுதானே சொன்னே?" என்றாள் அம்மா. குரல் கம்மியிருந்தது.

"நீங்களும் ம்னு சொன்னீங்கம்மா."

வெளியே ஒலிபெருக்கிக்காரர் யாரையோ சாப்பிட அழைத்தார். முர்சியம்மா கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, கரி அணைகிறது என்று சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். போகும்போது பெரியம்மாவின் முழங்கையையும் பற்றி இழுத்துக்கொண்டு போனாள்.

அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எத்தனை வருஷம்னு தெரியல. சந்தைக்குப் போனாலும் உன் மூஞ்சிதான், விசேஷத்துக்குப் போனாலும் உன் மூஞ்சிதான். 'பாவம், உங்க பொண்ணுக்கு என்ன பண்றீங்க?'ன்னு கேப்பாங்க. நான் சிரிச்சுகிட்டே நிப்பேன். உன்கிட்ட ஒரு நாளாவது வந்து சொன்னேனா?"

"இல்ல."

"நாளைக்கு அவங்கதான் வருவாங்க. உன்னைப் பார்த்துட்டு, 'இது யாரு பொண்ணு?'ன்னு கேக்கணும். ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும். கொஞ்சம் எரிஞ்சா எரியட்டுமே. எனக்காக."

பலுபிக்கு இது தெரியாது. தன் முகத்தைத் தான் மட்டுமே சுமந்ததாக நினைத்திருந்தாள். அம்மாவும் அதைக் கூடையில் காய்கறியோடு சேர்த்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், ஒவ்வொரு நாளும். சரி என்று சொல்லிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டால் போதும். எறும்பு ஊரும். நாளைக்கு நெற்றி முழுக்கச் சிவந்து புண்ணாகி, மைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் எரியும். அப்புறம் எத்தனையோ மாதம் கறையாக நிற்கும். அம்மா காதால் கேட்க ஆசைப்பட்ட ஒரு கேள்வியை யாரோ கேட்பார்கள்.

இது யார் பெண்?

அந்தக் கேள்விக்குப் பதிலாக நாளை மணையில் உட்காரப் போவது யார் என்று அவள் யோசித்தாள். பிறகு கை நீட்டி, தட்டில் மல்லிகைக்கு நடுவே திறந்து கிடந்த கத்தியை எடுத்து, அதன் பிடிக்குள் மடக்கினாள். அம்மாவின் கையைப் பிரித்து அதற்குள் வைத்தாள். விரல்களை மூடிவிட்டு, மூடிய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

'இன்னும் இல்லை' என்று அவள் சொல்லவில்லை. 'பார்க்கலாம்' என்றும் சொல்லவில்லை.

"மாட்டேன்மா," என்றாள், தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாது என்பது போல.