ஜுனைதா அடித்த வெள்ளை

மலேரியா ஒழிந்துவிட்டது என்று ஊரே நிம்மதியாக இருந்தபோது, அது சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்த வருஷம் அது. பல்லேகமவுக்குப் பக்கத்தில், வயலோரச் சந்து ஒன்றில் ஏழு முஸ்லிம் வீடுகள் இருந்தன. நோன்பு பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது அங்கே மருந்தடிக்கிற ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாத்தளைக்காரரான சுந்தரலிங்கம். சுவர்களுக்கு மருந்தடித்து முடித்து, வீட்டுக்கு வீடு ஒரே பாட்டைப் பாடினார்.

"நுளம்பு கடிச்சிட்டுச் செவுத்துலதாங்க போயி உக்காரும். உக்காந்தா செத்துரும். ஆறு மாசத்துக்குச் செவுத்தக் கழுவாதீங்க, சுண்ணாம்பு அடிக்காதீங்க."

ஜுனைதா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர் போனதும் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை வழிந்து காய்ந்த கறை. மூக்கைத் துளைக்கிற வாடை. சுவரில் ஒரு கைத்தடம் பட்டாலே அன்றைக்குச் சோறு இறங்காதவள் அவள். வெள்ளையடிக்காத வீட்டில் ரமழானை வரவேற்பதா? அவள் வம்சத்திலேயே யாரும் அப்படிச் செய்ததில்லை.

கணவன் அப்துல் ஸமத் மிளகு மூட்டையோடு மாத்தளைச் சந்தைக்குப் போன நாளாகப் பார்த்துச் சுண்ணாம்பைக் கரைத்தாள். கஞ்சித் தண்ணீர் விட்டு, நீலம் ஒரு சிட்டிகை போட்டு, தும்புக்கட்டால் ஒரே மூச்சில் அடித்து முடித்தாள். திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அந்த மனுசன் அடிக்க வேணாண்டுதானே சொன்னாரு?"

"மருந்து மண்ணுக்குள்ள ஊறிட்டு. மேல சுண்ணாம்பு பட்டா அதுக்கென்ன?" என்றாள். அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவனுக்கும் பட்டது, பாவம்.

பக்கத்து வீட்டு நூருன்னிஸா நாற்பது நாள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "என்ன புள்ள, செவுத்துல நெலாவையா பூசினீங்க? எனக்கும் கலந்து தாங்களேன்."

ஜுனைதாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நூருன்னிஸாவுக்குக் கலந்தாள், பிறகு அடுத்தவளுக்கு. நான்கே நாளில் ஏழு வீட்டுக்கும் அவள் கையால் கலந்த சுண்ணாம்பே போயிற்று.

நோன்பு பிறந்தது. பசியில் உடம்பு இலேசாகி, மத்தியானங்கள் நீண்டுகொண்டே போயின. மழை விட்ட பொழுதுகளில் ரிவர்ஸ்டன் பக்கத்து மலையிலிருந்து மூடுபனி இறங்கி வயலில் படுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் வெள்ளை, வெளியிலும் வெள்ளை. எது சுவர், எது பனி என்று தெரியாமல் ஜுனைதா சில வேளை வாசற்படியில் கால் தடுக்குவாள். அந்த மயக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது.

பதினெட்டாம் நோன்பன்று, மத்தியானம் ஜுனைதா லுஹர் தொழுது எழும்பும்போது, ஆறு வயது மகள் ஹமீமா குளிருகிறது என்றாள். மூன்று போர்வை போட்டும் பல் கிட்டியது. பிறகு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பிறகு வேர்த்துக் கொட்டியது. மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் எழும்பி விளையாடினாள். அதற்கு அடுத்த நாள், அதே நேரத்துக்கு, சொல்லிவைத்தாற்போல் குளிர் வந்தது.

காய்ச்சலில் ஹமீமா கண்ணைத் திறந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா, கடல்."

"எங்க மகள்?"

"செவுத்துல. வெள்ளைக் கடல். ஆக்கள் நடந்து போறாங்க. என்னையும் கூப்புடுறாங்க."

ஹமீமா கடலைக் கண்டதேயில்லை. ஜுனைதாவும் சுவரைப் பார்த்தாள். பசியோ பயமோ, கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் வெள்ளை மெல்ல அசைந்தது. தூரத்தில் யாரோ முதுகு காட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பாவாடை. "போகாத மகள்!" என்று கத்திப் பிள்ளையை வாரி எடுத்தாள். அப்போதுதான் அதைக் கண்டாள். கடலின் நடுவில், கை எட்டும் உயரத்தில், வயிறு சிவந்த ஒரு நுளம்பு சுகமாக உட்கார்ந்திருந்தது. அது சாகவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், சாகவேயில்லை.

அப்துல் ஸமத் ஓடிப்போய், பல்லேகமவில் தங்கியிருந்த சுந்தரலிங்கத்தைக் கூட்டி வந்தான். அவர் ஹமீமாவின் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார், மாத்திரை கொடுத்தார். "முடியிற வரைக்கும் குடுங்க. பயப்படாதீங்க, புள்ள எழும்பிரும்." பிறகு சுவரை நிமிர்ந்து பார்த்தார். விரலால் தேய்த்து, ஒட்டிய சுண்ணாம்பை ஜுனைதாவிடம் காட்டினார். அது ஏசினதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் காலை பம்போடு வந்து சந்து முனையில் நின்று கேட்டார். "இன்னிக்கி ஒரு நாளைக்குத்தான் மருந்து இருக்குங்க. எந்த வீட்டுல சுண்ணாம்பு அடிச்சீங்க?"

தண்டம் போடுவார்களோ என்று யாருக்குத்தான் பயமில்லை? இல்லை, இல்லை என்று கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

ஜுனைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சந்தின் நடுவில் இறங்கினாள். "ஏழு ஊட்டுலயும் அடிச்சீக்கிது. நாந்தான் கலந்து குடுத்தேன். எங்க ஊட்டுல முதல்ல அடிங்க."

கடைசியாகத் திறந்திருந்த நூருன்னிஸாவின் கதவும் படாரென்று சாத்திக்கொண்டது. ஜுனைதா அதன்மேல் நெற்றியை வைத்தாள்.

"ராத்தா, எம் புள்ளைக்குக் காய்ச்ச வந்தது என் கையால. அதே கையாலதான் உங்களுக்கும் கலந்து தந்தேன். என்ன எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க. கதவ மட்டும் தொறங்க."

சுந்தரலிங்கம் பம்பைத் தோளில் மாற்றிக்கொண்டார்.

கதவு திறந்தது. நூருன்னிஸா ஏசவில்லை. தோளிலிருந்த குழந்தையை எடுத்து, சுண்ணாம்பு தின்று வெடித்த ஜுனைதாவின் கைகளில் வைத்தாள்.

"புடிங்க. உள்ள சாமான வெளிய எடுக்கணும்."

ஜுனைதா குழந்தையின் நெற்றியில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். சூடில்லை. நம்பாமல் மறுபடியும் வைத்தாள்.