கணினிக்குப் பிடித்த கேமரா

மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பரிசம் போட வருகிறார்கள். சனிக்கிழமை விடிந்ததிலிருந்து குணாளனின் தலைக்குள் ஓடியது ஒரே விஷயம்தான்: கேமரா.

தங்கை காஞ்சனா கறாராகச் சொல்லிவிட்டாள். "அக்கா பாக்காம நான் தட்டத் தொட மாட்டேன்."

தாயில்லாத இருவரையும் வளர்த்து ஆளாக்கிய அக்கா பிரேமாவதி, கடல் தாண்டிக் கூச்சிங்கில் எட்டு மாத வயிற்றோடு படுத்திருக்கிறாள். விமானம் ஏறவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். தீபாவளியன்று கைப்பேசியில் காட்டியபோது அது பாதியில் சூடேறிப் படுத்துக்கொண்டது. அக்கா பார்த்ததெல்லாம் யாரோ ஒருவரின் தோள்பட்டையும் கூரைக் காற்றாடியும்தான். இந்த முறை நல்ல கேமராவாக வாங்கி, வீட்டுக் கணினியில் செருகி, கூடத்தையே கூச்சிங்குக்குக் காட்டிவிடுவது என்று முடிவானது.

வீடு இருக்கும் குருண் ஊரிலேயே ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் குணாளன். எடை தெரியாமல் எதையும் தூக்கமாட்டான். கணினியின் வயது, அதிலிருக்கும் விண்டோஸ், பின்னால் எத்தனை ஓட்டை என்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு சுங்கைப்பட்டாணி டவுனுக்குக் காடியில் ஏறிப் போனான்.

கடையில் கறுப்பாக, குண்டாக ஒரு கேமரா கண்ணில் பட்டதும் மனசு அதிலேயே ஒட்டிக்கொண்டது. அவனுடைய தாளைப் படித்த கடைக்காரப் பெண் நளினி உதட்டைப் பிதுக்கினாள்.

"இது வேணாம்ணே. எடுத்து முடிச்ச படத்தத்தான் கம்ப்யூட்டர்ல இறக்கலாம். எடுக்கும்போதே காட்டாது."

"அப்ப அந்த வெள்ளைக் கலரு?"

"அதுக்கு நடுவுல இன்னொரு பெட்டி மாட்டணும். உங்க கம்ப்யூட்டரு கிழடாயிருச்சு, தாங்காதுலா." அலமாரியிலிருந்து உள்ளங்கையளவு கேமரா ஒன்றை எடுத்தாள். "இதப் பாருங்க. யூஎஸ்பில சொருகுனா போதும். கம்ப்யூட்டரே புரிஞ்சுக்கும்."

கடையிலிருந்த பழைய கணினி ஒன்றில் செருகிக் காட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் திரையில் ஒரு முகம், அதுவும் மீசையில் வியர்வை மின்ன. குணாளன் கையைத் தூக்கினான். திரையிலும் கை தூக்கியது.

"ஐயோ, நான்தாங்க!" என்று கடையில் நின்ற எல்லோரிடமும் சொன்னான். முப்பது வயது ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வீடு வந்து சட்டைகூட மாற்றாமல் செருகினான். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான். திரை கறுப்பாகவே நின்றது. அடுத்த ஓட்டையில் செருகினான். கணினியை அணைத்துப் போட்டான். ஆறு ஓட்டையும் பார்த்தாயிற்று, ஒன்றும் அசையவில்லை.

"ஏமாத்திட்டா அந்தப் பொண்ணு!" காடிச் சாவியைப் பாய்ந்து எடுத்தான். கடை மூட இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

காஞ்சனா மருதாணி காயாத கைகளை விரித்தபடியே குனிந்து பார்த்தாள். "அண்ணே, டார்ச் அடி. உள்ள என்ன மஞ்சளா இருக்கு?"

குணாளன் அடித்தான். பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்துக்கும் காடிக்கும் கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது அந்த வீட்டு வழக்கம். மற்றவர்கள் திரையின் தலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். குணாளனுக்கு எதிலும் குறை வைக்கப் பிடிக்காது. காலியாக இருந்த ஓட்டை ஒன்று விடாமல் அழுத்தி வைத்திருந்தான், வருஷா வருஷம். விசைப்பலகையும் மௌஸும் செருகியிருந்த வட்ட ஓட்டை இரண்டும்தான் அவன் பக்தியிலிருந்து தப்பித்திருந்தன.

"பக்தி முத்திப் போச்சுலா உனக்கு!" காஞ்சனா மருதாணிக் கைகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பல் குத்தும் குச்சியால் ஒரு மணி நேரம் சுரண்டினான். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மறுபடி செருகியதும் கூடம் முழுவதும் திரைக்கு வந்தது: சோபா, வாழைப்பழச் சீப்பு, மருதாணிக் கை இரண்டு. அண்ணனும் தங்கையும் போட்ட கூச்சலில், மாப்பிள்ளை வீட்டார் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டு மருதம்மாள் பதறி ஓடிவந்தாள்.

ஞாயிறு பத்து மணி. தட்டுகள் வரிசையாக வந்து அமர்ந்தன. திரையில் பிரேமாவதி தலையணைகளில் சாய்ந்து, பட்டுச்சேலையும் பூவுமாக, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"கிட்ட வாடி. நான் பொட்டு வைக்காம நீ எப்படித் தட்டு வாங்குவ?"

காஞ்சனா கேமராவுக்கு முகத்தைக் கொடுத்தாள். அங்கே பிரேமாவதி சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, தங்கையின் நெற்றி தெரிந்த இடத்தில், கைப்பேசியின் உச்சியில், அழுத்தி வைத்தாள். குருணில் திரை முழுவதும் மஞ்சளாகிப் போனது.

"அக்கா, கேமரால வெச்சிட்ட!" குணாளன் கத்தினான். அவனுக்குத் தெரியாத தவறா?

கூடமே சிரித்தது. மஞ்சளுக்குள்ளிருந்து பிரேமாவதியின் குரல் மட்டும் வந்தது.

"நான் உங்களுக்குத் தெரியாட்டி என்னடா? எனக்கு எல்லாரும் நல்லாத் தெரியறீங்க. அவளத் தட்ட வாங்கச் சொல்லு."

காஞ்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே இரண்டு கைகளையும் நீட்டினாள்.