டெய்சிகளின் பாகப்பிரிவினை

மூன்று வருடத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டு டெய்சிச் செடிகள் பாகப்பிரிவினை கேட்கும். ஏற்காட்டில் எல்லா வீட்டிலும் கேட்பதுதான். பல வருடம் வாழ்கிற செடி ஒரே தூரில் எத்தனை காலம் கூட்டுக்குடித்தனம் நடத்தும்? வேர்கள் ஒன்றன் மடியில் ஒன்று உட்கார்ந்துவிடும். நடுத்தூர் கட்டை தட்டி வழுக்கை விழும். அப்படி விழுந்த வருடம் கோடையில் பூ வராது, புகார்தான் வரும்.

இந்த முறை மாசிக் கடைசியில் கேட்டன. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இனிமே ஒண்ணா இருக்க முடியாதுங்க" என்றது கிழக்குப் பக்கத்துக் கிளை. மற்றவை தலையாட்டின. சரி, ஏற்பாடு செய்கிறேன் என்று குழாயை மூடினேன்.

பாகம் பிரிக்கத் தாய்மாமன் வந்தாக வேண்டும். செடிகளுக்குப் பிறந்த வீடு நர்சரி. ஆகவே அதை நடத்தும் கனகசபைதான் அவற்றுக்குத் தாய்மாமன். போன தடவை என் கணவர் சிவநேசன், "நம்ம வீட்டுச் செடிக்கு வெளியாள் எதுக்கு?" என்று தானே மண்வெட்டியை எடுத்துவிட்டார். மாமனைக் கூப்பிடாத விசேஷத்தில் யார் கை நனைப்பார்கள்? அந்தக் கோடை முழுக்க மொட்டுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றன. அதனால் இந்தத் தடவை நானே வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரில் போய் அழைத்தேன். கனகசபை வெள்ளிக்கிழமை சலவை வேட்டியில் வந்தார். சீராக ஒரு மூட்டை மக்கிய சாணம் கொண்டுவந்திருந்தார்.

மூன்று பங்கு. ஒன்று வாசற்படி ஓரம், ஒன்று கிணற்றடி. மூன்றாவது பங்குக்கு எங்கள் தோட்டத்தில் வெயில் மிச்சமில்லை. டெய்சிக்கு வெயில்தான் சோறு. பக்கத்து வீட்டில் என் நாத்தனார் சௌந்தரவல்லி இருக்கிறார், என் கணவரின் அக்கா. அவர் வீட்டில் நாள் முழுக்க வெயில் அடிக்கும். தண்ணீர் தேங்காமல் மணல் கலந்து பாத்தியும் கட்டி வைத்திருந்தார். எனவே மூன்றாம் பங்கு அண்ணி வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. காலை வெயில், பனி, தேனீக்கள் எல்லாவற்றையும் மூன்று பங்கும் சச்சரவில்லாமல் பிரித்துக்கொண்டன.

பிறகு கனகசபை, "பாட்டு யாருக்கு?" என்றார்.

பாட்டு என்றால் என் கணவரின் பாட்டு. வங்கிக்குக் கிளம்புமுன் தோட்டத்தில் நின்று தினமும் பாடுவார். புகழும்படியான குரல் இல்லை. அவர் தொடங்கினால் பால்காரர் அளவு பார்க்காமல் ஊற்றிவிட்டு ஓடுவார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று இவர் பின்னாலிருந்து திட்டுவார். ஆனால் எங்கள் டெய்சிகள் அந்தக் குரலுக்குத்தான் இதழ் விரிக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் அண்ணியின் பெயரில் இருப்பதால் பாட்டு அதைத் தாண்டாது.

"அப்போ நாங்க போற எடத்துக்கு அவரும் வரணும்" என்றது மூன்றாம் பங்கு.

முறை வைத்துக்கொள்ளலாமே என்றேன். ஆனால் டெய்சிகள் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில்தான் கண் விழிக்கும்.

"வரட்டுமே. என் தம்பிதானே? எங்க வீட்ல ரூம் சும்மாத்தான கெடக்குது" என்றார் அண்ணி.

அந்தக் கர்ணகடூரம் இல்லாமல் எனக்குப் பொழுது விடிந்ததாகவே ஆகாது. கல்யாணமான மறுநாளிலிருந்து அப்படித்தான்.

"வேணும்னா கிணத்த எடுத்துக்குங்க அண்ணி. அவரை விடமாட்டேன்."

"கெணறு பாடுமா வேதா?"

கிணற்றைக் கேட்டோம். பழக்கமில்லை என்றது.

பங்கு தீராமல் பிரித்தால் எந்தத் தூரும் பூக்காது. என் கணவர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அவர் எப்போதுமே அப்படித்தான். கனகசபை எழுந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தோளை அமுக்கிப் பார்த்தார். தலையைக் குனியச் சொல்லி உச்சியைத் தட்டினார்.

"நடுவுல கட்டை தட்டிருச்சு, பாருங்க. இவரையும் இந்த வருசமே பிரிச்சாகணும். உட்டா அடுத்த வருசம் பாட்டே வராது."

அது எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாகவே அவர் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு, பேருந்து போய்விடும் என்று ஓடிக்கொண்டிருந்தார். மீதிப் பாட்டுக்குக் காத்திருந்துவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். யாரிடமும் சொல்லவில்லை.

"வலிக்குமாங்க?" என்றேன்.

"மண்ணு ஈரமா இருந்தா வலிக்காதுங்கம்மா."

பாத்தியில் நன்றாகத் தண்ணீர் விட்டோம். என் கணவர் சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கணுக்கால் புதைய நின்றார். கனகசபை கத்தி வைக்கவில்லை. இரண்டு கையையும் விட்டு, மெல்ல ஆட்டி ஆட்டி, ஒரு வேரும் அறாமல் பிரித்தார். ஓரத்தில் இருப்பதுதான் இளசு, அதைத்தான் நட வேண்டும். நடுக்கட்டையை எருக்குழியில் போட்டோம்.

"எந்தப் பக்கத்தை எடுத்தாலும் முழுசா வளந்துருவாருங்க" என்றார் கனகசபை.

அண்ணி இடப்பக்கத்தைக் கேட்டார், இதயம் அங்கேதான் என்று. கொடுத்துவிட்டேன். வலப்பக்கத்தில் குறட்டை இருந்தது. அது எனக்குப் போதும்.

சில நாள் நிழலில் வைத்து, வாடாமல் பார்த்துக்கொண்டோம். பங்குனி முடியுமுன் இரண்டும் முழு ஆளாகிவிட்டன. உச்சியில் கறுப்பாக முடிகூட வந்திருந்தது.

சித்திரையில் பூத்தது பாருங்கள், அப்படி ஒரு பூப்பு! அவித்த முட்டையை வட்டம் வட்டமாக அறுத்து அடுக்கியதுபோல் வாசலெல்லாம் வெள்ளையும் மஞ்சளும். வாடியதைக் கிள்ளக் கிள்ள, பக்கத்தில் இரண்டு எழுந்தன. தேனீக்கள் குடும்பத்தோடு வந்து மத்தியானம் தங்கிவிட்டுப் போயின. இந்தப் பக்கம் இவர் பாட, அந்தப் பக்கம் அவர் பாட, இரண்டும் ஒரே இடத்தில் சுருதி தவறின. பால்காரர் எங்கள் தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் தாங்கவில்லை. முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

"வேதா, உன்னுது இன்னிக்கு எத்தனை பூ?" என்று அண்ணி சுவருக்கு மேல் எட்டிப் பார்ப்பார். எண்ணவில்லை என்பேன். அவரும் எண்ணியிருக்கமாட்டார்.

வங்கியில் போட்ட விடுப்பு வைகாசியில் முடிந்தது. திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் மண்ணில் காலை ஊன்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். கிளம்புகிற எண்ணமே இல்லை. எருக்குழியில் கிடந்த நடுக்கட்டை எழுந்து வந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டை கேட்டது. கொடுத்தேன். தயிர்சாதத்தை டிபன் பாக்ஸில் வைத்து, ஊறுகாயையும் வைத்தேன். பேருந்தைத் தவறவிடாமல் போயிற்று.

சாயங்காலம் களைத்துத் திரும்பி, நேராகக் குழியில் இறங்கி, மண் போட்டு மூடச் சொன்னது. குளிராக இருந்ததால் மேலே இரண்டு கை சருகும் போட்டேன். போடும்போது பார்த்தால் காதோரம் பச்சையாக ஒரு தளிர் விட்டிருந்தது. அந்தத் தளிர் மெல்ல ஏதோ முணுமுணுத்தது, சுருதி சேரவில்லை. நாளையிலிருந்து டிபன் பாக்ஸில் அதற்கும் சேர்த்து வைக்க வேண்டும்.