வளையல் போட்ட கை

என் புருஷன் வெள்ளைத்துரைக்குப் பலம் அதிகம். ரோசம் அதைவிட அதிகம். போன வருஷம் பலகையில் மல்லாந்து படுத்து இரும்புக் கம்பியை நெஞ்சுக்கு மேல் தூக்கியபோது, கை சறுக்கிக் காறை எலும்பு முறிந்தது. பக்கத்தில் பிடிக்க ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு, “நான் என்ன பச்சப்பிள்ளையா?” என்று கேட்ட மனுஷன், அப்புறம் மூன்று மாதம் பச்சைப்பிள்ளையாகத்தான் கிடந்தார். கஞ்சி ஊட்டியவள் நான். இனி பிடிக்க ஆள் இல்லாமல் பலகையில் படுப்பதில்லை என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

இந்தத் தைத் தெப்பத் திருவிழாவுக்கு, வண்டியூர்க் குளக்கரையில் கண்ணுச்சாமி பளு தூக்கும் பந்தயம் வைத்தார். தேகப்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். சொந்தமாக ஒரு குடம் தண்ணீர் தூக்கி நான் பார்த்ததில்லை. என் புருஷன் கூட்டாளி பக்கீர் முகமதுவுடன் போனார். நான் பெண்களோடு தள்ளி நின்றேன்.

“அண்ணே, கம்பிக்கு ரெண்டு பக்கமும் ஆள் நிக்கணும். இந்தப் பக்கம் பக்கீர் நிப்பான். அந்தப் பக்கம் ஒரு ஆள் குடுங்க” என்றார் இவர்.

கண்ணுச்சாமி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “கம்பி தூக்க வந்தியா, பல்லக்குத் தூக்க வந்தியா? பிடிக்க ஆள் வேணும்னா வளையலப் போட்டுக்கிட்டு வீட்டுல இருப்பா!”

கூட்டமும் சிரித்தது. இவர் முகம் கறுத்துப் போனது. பக்கீர் அண்ணனைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுப் பலகையில் படுத்துவிட்டார். செய்த சத்தியம் காற்றில் போயிற்று. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் கம்பியின் ஒரு முனையில் நின்றேன்.

“வளையல் போட்டவ வந்துட்டேன். பக்கீரண்ணே, நீங்க அந்தப் பக்கம் வாங்க.”

“பொம்பள வார இடமா இது?” என்று கத்தினார் கண்ணுச்சாமி.

“இவரு கழுத்து ஒடிஞ்சா கஞ்சி ஊட்ட நீங்களா வருவீங்க? பேசாம நில்லுங்க.”

“போயிரு அன்னக்கொடி. மானம் போகுது” என்றார் படுத்திருந்தவர்.

“போகட்டும். உசுரு போனா நான் எங்க போயித் தேடுவேன்?”

பக்கீர் அண்ணன் மறுமுனைக்கு வந்ததும் அவர் கம்பியைத் தூக்கினார். பாதி ஏறியதும், முறிந்து கூடிய பக்கம் தோள் உதறியது. பல்லைக் கடித்தார். கம்பி கழுத்தை நோக்கி இறங்கியது.

“பிடி!” என்றார்.

பிடித்தோம். என் வளையல்கள் கம்பியில் மோதி நொறுங்கின. வளையல்தானே நொறுங்கியது.

“தோத்துட்டான்!” என்றார் கண்ணுச்சாமி.

இவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “தோத்துட்டேண்ணே. அடுத்த தெப்பத்துக்கும் வாரேன். ஆளோடதான் வாரேன்.”

என் கையைப் பிடித்து, ஊர் பார்க்க நேரே எதிரிலிருந்த வளையல் கடைக்குக் கூட்டிப் போனார். கண்ணுச்சாமிக்குக் கேட்கும்படி கடைக்காரனிடம் சத்தமாகச் சொன்னார்.

“நல்ல கெட்டி வளையலாப் பாத்துப் போடுப்பா. கம்பி பிடிக்கிற கை.”