நோன்பு வாயும் பச்சை மிட்டாயும்

லியாகத் அலி ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் வீட்டில் எல்லாருக்கும் ஏதாவது ஒரு பொருள் இருந்தது. அவன் மனைவி மெஹரூன்னிசாவுக்கு மட்டும் ஒரு திட்டம் இருந்தது. இனிமேல் திரும்பிப் போவதில்லை, மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மிட்டாய்க் கடை போடப்போகிறேன் என்றான்.

அவன் வேலை பார்த்த கேக் கடையில் ரோடெல் என்று ஒரு பிலிப்பைன்ஸ்காரன் இருந்தான். அவன் சொல்லிக்கொடுத்த பால் மிட்டாய்தான் திட்டத்துக்கு அஸ்திவாரம். டின்னில் வரும் கட்டிப்பாலையும் பால் பவுடரையும் போட்டுப் பிசைந்து, பச்சைத் தேயிலைத் தூள் சேர்த்து, சுண்டுவிரல் அளவுக்கு உருட்டி, சர்க்கரையில் புரட்டி, கண்ணாடிக் காகிதத்தில் சுற்றினால் முடிந்தது. அடுப்பே தேவையில்லை.

"அடுப்பு பத்த வெக்காம செய்யறதுக்குப் பேரு பலகாரமா?" என்றாள் அவன் அம்மா. மெஹரூன்னிசாவுக்கு மாமி. "சரி, ஒண்ணு பண்ணு. ஃபர்ஹானா நிக்காஹ்ல தாம்பூலப் பையில போடு. கோட்டக்குப்பத்துக்காரங்க துன்னுட்டு நல்லா இருக்குதுன்னு சொன்னா கடை வை. இல்லாட்டி வாய மூடிக்கிட்டு ஃபிளைட் ஏறு."

ஃபர்ஹானா லியாகத்தின் தங்கை. கோட்டக்குப்பம் மாப்பிள்ளை வீடு.

மெஹரூன்னிசாவுக்கு அன்று முதல் தூக்கம் சரியாக இல்லை. கல்யாணமானதிலிருந்து அவள் புருஷனோடு போட்ட சண்டையெல்லாம் போனில்தான். பாதிச் சண்டையில் கார்டு தீர்ந்து லைன் கட்டாகிவிடும். ஒரே ஒரு தடவையாவது அவனை எதிரே உட்கார வைத்து, நிதானமாக, முழுச் சண்டை போட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அது இப்போது மிட்டாயின் கையில் இருந்தது.

எதையும் முறையாகச் செய்கிறவள்தான் அவள். செய்து முடித்ததும் அது சரிதானா என்ற சந்தேகம் வந்துவிடும், அதுதான் குறை. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள்.

நிக்காஹுக்கு முந்தின நாள் பராத் நோன்பு. வீட்டில் எல்லாரும் நோன்பு வைத்திருந்தார்கள். லியாகத் பந்தல்காரனைப் பார்க்கப் போயிருந்தான். மாவைப் பிசைந்து வைத்துவிடலாமென்று மெஹரூன்னிசா பரணிலிருந்து டின்களை இறக்கினாள்.

ஷார்ஜாவிலிருந்து வந்த தூள் வகைகளில் இரண்டு பச்சை. ஒன்று ரோடெல் பொட்டலம் கட்டிக் கொடுத்த தேயிலைத் தூள், இன்னொன்று ஃபர்ஹானாவின் கைக்கு வாங்கிய மருதாணித் தூள். எந்தப் பொட்டலம் வந்தாலும் பிரித்துக் காலி பால் பவுடர் டின்னில் கொட்டிவிடுவது மாமியின் வழக்கம். இரண்டு டின்னும் ஒரே மாதிரி இருந்தன. எது எங்கே என்பது மாமிக்குக் கொட்டின அன்று தெரிந்திருந்தது.

மெஹரூன்னிசா இரண்டையும் திறந்தாள். ஒன்று கிளிப்பச்சை, பளபளவென்று இருந்தது. இன்னொன்று மங்கல். முதலில் கிளிப்பச்சையைத்தான் எடுத்தாள். கரண்டியை உள்ளே விட்டபோது சந்தேகம் வந்தது. தேயிலை என்றால் கருத்துத்தானே இருக்கும்? இவ்வளவு பச்சையாகத் தேயிலையை யார் பார்த்தார்கள்? பறித்த இலையை அரைத்தது போல இருக்கிறதே, இதுதான் மருதாணி. மங்கலானதை எடுத்தாள். கிளிப்பச்சை டின்னை ஃபர்ஹானாவின் கையில் கொடுத்து, "எலுமிச்சம்பழச் சாறு ஊத்திக் கரைச்சு வை" என்றாள்.

மங்கலானதை முழுதாகக் கட்டிப்பாலிலும் பால் பவுடரிலும் கொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து, இரண்டு கையாலும் பிசைந்தாள். ருசி பார்க்க ஆள் இல்லை. எல்லாருக்கும் நோன்பு வாய். பின்வாசலில் பக்கத்து வீட்டு உப்பளத் தொழிலாளி சேட்டுவின் மனைவி சுலோசனா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மழை பெய்ததில் உப்பு வாரும் வேலை நின்று வீட்டிலிருந்தாள்.

"சுலோ, இத வாயில போட்டுச் சொல்லு."

சுலோசனா மென்றாள். நிறுத்தினாள். மறுபடி மென்றாள்.

"மருதாணி எலயப் பாலுல தோச்சுத் துன்ன மாதிரி இருக்குதுக்கா."

"கசக்குதா?"

"கசக்குது."

"எல வாசம் வருதா?"

"அது மட்டுந்தான் வருது."

"தொண்டையில நிக்குதா?"

"போவவே மாட்டேங்குது."

மெஹரூன்னிசாவுக்கு மூச்சு சீராயிற்று. முதலில் கசக்கும், இலை வாசம் வரும், தொண்டையில் நிற்கும் என்று லியாகத் சொன்னது அப்படியே ஒத்துப்போயிற்று. "அப்ப கரெக்டாத்தான் வந்திருக்குது" என்றாள்.

"ஏன்க்கா, இதத் துன்னவா அவ்ளோ தூரத்துல ஆளுங்க இருக்குறாங்க?" என்று கேட்டபடி சுலோசனா தண்ணீர் குடிக்க ஓடினாள்.

லியாகத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் அவனுக்கு மூக்கு அடைத்திருந்தது. "கலரு கொஞ்சம் டல்லா இருக்குதே" என்றான்.

"நம்ம ஊரு கரண்டுல எல்லாம் டல்லாத்தான் தெரியும். உருட்டுங்க."

இருவரும் உருட்டினார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஃபர்ஹானா தோழியை வைத்துக் கையில் மருதாணிக் கோலம் போட்டுக்கொண்டாள். காய்ந்தவரை காயட்டும், பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குக் கைகால் அலம்பி ஒளு செய்யும்போது கழுவிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

மஃரிபுக்கு முன்னால் கிணற்றடிக் குழாயில் எல்லாரும் கூடினார்கள். ஃபர்ஹானா முதலில் கழுவினாள். பச்சை ஓடிற்று. கீழே கை பழைய கையாகவே இருந்தது. ஒரு கோடு கூட இல்லை.

"அண்ணி!" என்று அலறினாள்.

அவளைத் தேற்ற மெஹரூன்னிசா இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டிய கை மணிக்கட்டு வரை செக்கச்செவேலென்று இருந்தது. சோப்பு போட்டாள். இன்னும் பளிச்சென்றது. திரும்பிப் பார்த்தால், லியாகத் தன் உள்ளங்கைகளை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரத்தில் பின்வாசலில் சுலோசனாவின் குரல். "யக்கா, என்னாத்தக் குடுத்த? வெத்தல போட்டியாடின்னு இவரு கேக்குறாரு!" நாக்கை நீட்டினாள். ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

பாங்கு சொன்னதும் எல்லாரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்கள். மென்று முடித்த மாமி எழுந்து மிட்டாய்த் தட்டைப் பார்த்தாள், மகளின் வெள்ளைக் கையைப் பார்த்தாள். "கை செவக்காம போனா கோட்டக்குப்பத்துல என்னா சொல்வாங்க? மாமியாளுக்கு மருமக மேல ஆசையே இருக்காதும்பாங்க." ஃபர்ஹானா அழ ஆரம்பித்தாள். மாமி மகனிடம் திரும்பினாள். "நீ டிக்கெட்டப் போடு."

மெஹரூன்னிசா தட்டையே பார்த்தாள். இருந்த மருதாணி முழுவதும் அதில்தான். கூடவே பாலும் சர்க்கரையும். மருதாணி கையில் ஒட்டி நிற்க, அதன் மேல் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது அவளுடைய அம்மாவின் வழக்கம். இது சரியாக வருமா என்ற சந்தேகம் வருவதற்குள் மிட்டாய்களை வழித்துப் பாத்திரத்தில் போட்டு, எலுமிச்சை பிழிந்து குழைத்தாள்.

கோலம் அழகாக வந்தது. எறும்பும் வந்தது. கட்டிலின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, நடுவில் மணப்பெண்ணை உட்கார வைத்தார்கள். சுலோசனா முறத்தால் விசிறினாள். "ஈ கூட விட மாட்டேங்குதுமா. ஒன் மாமியாளுக்கு ஆச இருக்குதோ இல்லியோ, எறும்புக்கு இருக்குது."

விடிந்தபோது ஃபர்ஹானாவின் கை கருஞ்சிவப்பாக இருந்தது.

நிக்காஹ் பந்தலில் லியாகத் வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தான். ஒவ்வொருவர் கண்ணும் ஒரு கணம் அவன் சிவந்த உள்ளங்கையில் நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டார்: "ஏம்பா, இங்க யாருக்கு நிக்காஹ்?" பந்தலே சிரித்தது.

பெண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா ஃபர்ஹானாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள். "எந்தக் கடை மருதாணிங்க? புதுச்சேரியில கூட இப்பிடிச் செவக்காதே."

மாமி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எங்க லியாகத் சொந்தமா கண்டுபிடிச்சது" என்றாள் மாமி. "பால், சர்க்கரையெல்லாம் போட்டு. பஸ் ஸ்டாண்டுகிட்ட கடை வெக்கப்போறான்."

"அப்ப நோன்புப் பெருநாளைக்கு எங்க தெருவுக்கே வேணும். சொல்லிட்டேன்."

விஷயம் ஆண்கள் பக்கம் போனதும் லியாகத் ஓடிவந்தான். "அம்மா, நான் வெக்கறது மிட்டாய்க் கடை."

"மிட்டாயும் வெச்சுக்கோ, யாரு வேணாங்குறா? நீ ஃபிளைட்டுல ஏறினா கோட்டக்குப்பத்துல நான் எப்பிடி மூஞ்சியக் காட்டுவேன்?"

மறுநாள் விருந்தாளிகள் போய் வீடு காலியான பிறகு, கிளிப்பச்சை டின்னின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி மெஹரூன்னிசா கொஞ்சமே கொஞ்சம் மிட்டாய் செய்தாள். மாமி ஒன்றைத் தின்றுவிட்டு, "புல்லு மாதிரி இருக்குது" என்றாள். பிறகு தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

மெஹரூன்னிசா புருஷனைக் கூடத்தில் எதிரே உட்கார வைத்தாள். "இப்ப சொல்லுங்க. ரெண்டும் பச்சையா இருக்குதே, ரெண்டு டின்னு மேலயும் பேரு எழுதி வெக்கணும்னு ஒங்களுக்குத் தோணலயா?"

"பிசைஞ்சது யாரு, நானா?"

"உருட்டினது யாரு?"

சண்டை நன்றாகச் சூடு பிடித்தது. போன் கார்டு தீரும் பயம் இல்லை. அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அவள் கையை உயர்த்தினாள்.

"இருங்க, பின்கதவப் பூட்டினேனான்னு பாத்துட்டு வந்துடறேன்."