நிரப்பி வைத்த கடனட்டை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் விரல் செய்த பிழையில் பிறந்தது. போன திங்கட்கிழமை கடனட்டைக்கு நானூற்றெண்பத்தைந்து டாலர் கட்ட உட்கார்ந்தேன். ஒரு பூச்சியம் கூட விழுந்து நாலாயிரத்து எண்ணூற்றைம்பது போய்விட்டது. வங்கியைக் கேட்டால், திரும்பி வர மூன்று முதல் ஐந்து வேலைநாள் என்கிறார்கள். அதுவரை என்ன செய்வது? எழுதத் தொடங்கினேன்.

ஆனால் எனக்கு அந்தப் பணத்துக்கு அவசரமில்லை. அவசரமில்லாதவளின் கதையை நீங்கள் ஏன் படிக்க வேண்டும்? அதனால் அவசரமுள்ள ஒருத்தியைத் தேடினேன்.

2

"வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்கு மேல் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது தவநாயகி—"

வேண்டாம். வெயில் எல்லா ஊரிலும்தான் சாய்கிறது.

"தவநாயகி ஒன்பது வருடமாக வீட்டுக் குசினியில் சமைத்து மதியச் சாப்பாட்டுப் பொதி விற்றாள்."

இது பரவாயில்லை, இருக்கட்டும். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை காலியாகிறது. அதை எடுத்துச் சாப்பாட்டுக் கடை போட வேண்டும் அவளுக்கு. கடைச் சொந்தக்காரர் வெங்கட்ராமன், மதுரைப் பக்கத்துக்காரர். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் முன்பணம் ஆறாயிரம் வந்தால் சாவி தவநாயகிக்கு. வராவிட்டால், பிளாக்டவுனில் கைபேசிக் கடை வைத்திருக்கும் இன்னொருவருக்கு.

அவளிடம் ஆறாயிரம் இருக்கிறது. ஒன்பது வருடத்துப் பணம். கதை இங்கேயே முடிந்துவிடும் போலிருந்தது. அதனால் அவள் கணவர் மகேந்திரராஜாவை உள்ளே விட்டேன்.

3

மகேந்திரராஜா முப்பது வருடமாக ஒருவரிடமும் ஒரு சதம் கடன் வாங்காதவர். கடனட்டை என்ற பெயரே அவருக்குக் கூசும்; வங்கி அனுப்பிய ஒன்றை ஒருநாளும் தேய்க்காமல் வைத்திருந்தார். புதன்கிழமை காலை, அவ்வளவு பணத்தை நோட்டாகக் கொண்டுபோகப் பயந்து, முன்பணத்தை அட்டையில் கட்டலாம் என்று நினைத்து, ஆறாயிரத்தையும் சேமிப்பிலிருந்து எடுத்துக் கடனட்டைக்குப் போட்டுவிட்டார்.

"முதல்ல நிரப்பிப்போட்டுத் தேய்ச்சா அது கடன் இல்லையப்பா. இப்ப பாங்க்தான் எங்களுக்குக் கடன்."

"அந்தாள் கார்ட் எடுப்பாரோ எண்டு கேட்டனீங்களோ?" என்றாள் தவநாயகி.

"இந்தக் காலத்தில கார்ட் எடுக்காத ஆள் ஆர்?"

வெங்கட்ராமன்தான்.

[முதல் வரைவில் அறுநூறு டாலர் என்றுதான் எழுதியிருந்தேன். ஆறாயிரத்தை இப்படிப் போடுகிற ஆள் இருப்பாரா என்று சந்தேகம். பிறகு என் சொந்தக் கணக்கை ஒருமுறை பார்த்தேன். மாற்றிவிட்டேன்.]

4

வியாழக்கிழமை தவநாயகி வங்கிக்குப் பேசினாள். அரைமணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு சஞ்சீவ் என்றொருவர் வந்தார். ஆங்கிலத்தில் தொடங்கியவர், அவள் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"அன்ரி, மெஷினில இண்டைக்கு ஆயிரம், நாளைக்கு ஆயிரம் எடுங்கோ. அதுக்கு ஒரு ஃபீ வரும். மிச்சம் நாலாயிரத்துக்கு நான் ரிக்வெஸ்ட் போடுறன். த்ரீ டு ஃபைவ் பிசினஸ் டேய்ஸ்."

"தம்பி, போகேக்க ஒரு செக்கன்ல போனதே?"

"ஓம் அன்ரி. வாறதுக்குத்தான் டைம் எடுக்கும்."

"ஏன், நடந்தோ வருது?"

சஞ்சீவ் சிரித்துவிட்டார். சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.*

* இவரைக் கெட்டவராக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் என்னிடம் பேசியவரும் நல்ல மாதிரித்தான் பேசினார்.

5

இப்போது முடிவுகள்.

"வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பணம் வந்து சேர்ந்தது." இதை வங்கியில் வேலை செய்பவர்களே நம்பமாட்டார்கள்.

"ஐந்து வேலைநாள் கழிந்தன." என்னால் முடியும், ஒரே வரிதான். ஆனால் அந்த வரிக்குள் வெள்ளிக்கிழமையும் போய்விடும், கடையும் போய்விடும்.

நார்த்மீட்டில் இருக்கும் தோழி நிரஞ்சினியிடம் நாலாயிரம் கைமாற்று வாங்கலாம். வெள்ளிக்கிழமை காலை தவநாயகி போனை எடுத்தாள்.

"என்ர பிழைக்கு ஆரிட்டயும் கை நீட்டேலாது," என்றார் மகேந்திரராஜா.

"அப்ப உங்கட பிழைக்கு என்ர கடை போகட்டுமோ?"

இதற்கு அவர் சொல்ல நான் மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். ஒன்றையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கதிரையிலிருந்து எழும்பி, அவள் கையிலிருந்த போனை வாங்கி, தானே பேசினார். "பிள்ளை, ஒரு உதவி கேக்கோணும்..." முப்பது வருடத்தில் முதல் தடவை.

நிரஞ்சினி ஒரு கேள்வியும் கேட்காமல் நேரே வெங்கட்ராமன் கணக்குக்கு அனுப்பினாள். புதுக் கணக்குக்கு முதல் முறை அனுப்பும் பணத்தை அவளுடைய வங்கி ஒருநாள் பிடித்து வைக்குமாம்.

6

வெள்ளிக்கிழமை, நாலு மணிக்குப் பத்து நிமிடம். காலிக் கடை. மேசையில் இரண்டாயிரம், நோட்டாக. அதற்குப் பக்கத்தில் தவநாயகியின் போன். திரையில் நிரஞ்சினி அனுப்பிய படம்: நாலாயிரம், நிலுவையில்.

"உங்கள நம்பலைன்னு இல்லீங்க," என்றார் வெங்கட்ராமன். "போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் ஸ்க்ரீன காட்டினாரு. இன்னும் வரல. எனக்கும் லோன் போயிட்டிருக்கு."

"நாளைக்கு வந்திடும் அண்ணை."

"வரலைன்னா?"

தவநாயகி மகேந்திரராஜாவைப் பார்த்தாள். அவர் தன் கடனட்டையை எடுத்து நோட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அதனால் ஒரு பயனும் இல்லை என்று அவருக்கும் தெரியும். வைக்க வேறு எதுவும் அவரிடம் இல்லை.

வெங்கட்ராமன் அடுத்து என்ன சொன்னார் என்று எழுதப் போனேன். என்னால் முடியவில்லை. "சரி" என்று எழுதினால் அது தவநாயகி மேல் எனக்குள்ள பிரியம். "முடியாது" என்று எழுதினால் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கும் ஆசை. எனக்கு இதில் நட்டமில்லை, அதனால் தீர்ப்புச் சொல்லும் தகுதியும் இல்லை.

நீங்கள் வந்து அவருடைய இடத்தில் நில்லுங்கள். வரவேண்டிய நாலாயிரம் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கைபேசிக் கடைக்காரர் காரை நிறுத்துகிறார். தவநாயகி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சாவி உங்கள் பையில்தான் இருக்கிறது.